மாப்பிள்ளைக்கு மைக்கு

வாங்க மாப்பிள்ளை, கட்டில்ல உக்காருங்க. வாத்தியத்தைத் திண்ணையில இறக்கி வைங்க. பயப்படாதீங்க, அது எங்க அப்பா காலத்துத் திண்ணை, உங்களையும் சேத்தே தாங்கும். பொண்ணு போன்ல சொல்லுச்சு, பங்குனிப் பொங்கலுக்கு மேடையில உங்க பேண்டு செட்டுக் கச்சேரியாம், சூசபோனுக்குன்னு தனியா மைக்கு வாங்கியிருக்கீங்களாம். விலை எவ்வளவும்மான்னு கேட்டேன், வேற பேச்சுக்குப் போயிருச்சு. அதுலயே விலை தெரிஞ்சுபோச்சு எனக்கு.

எங்க, காட்டுங்க பாப்போம். அடேயப்பா, பெட்டியென்ன, உள்ள துணியென்ன! என் கல்யாணத்துக்கு மோதிரம்கூட இப்படி வரலை. நல்ல சாமான்தான், குறை சொல்லலை. ஆனா இது பெரிய மோளத்துக்கு வைக்கிற மைக்கு மாப்பிள்ளை. ட்ரம்ஸ்காரங்க காலால மிதிச்சு அடிப்பாங்களே கிக் ட்ரம், அதுக்குன்னே பொறந்தது. ஏன் வாங்குனீங்கன்னு கேட்டா, "மாமா, என் வாத்தியமும் பேஸு, இதுவும் பேஸ் மைக்கு"ங்கிறீங்க. பொருத்தம் பத்துக்குப் பத்து. ஜாதகம்கூட இப்படிச் சேராது. உழவு மாடு வாங்கப் போறவன் பல்லைப் பிடிச்சுப் பாப்பான், சுழி பாப்பான், நாலு எட்டு நடக்கவிட்டுப் பாப்பான். நீங்க கொம்புக்கு அடிச்ச பெயிண்டு பளபளன்னு இருக்குன்னு ஓட்டிக்கிட்டு வந்துட்டீங்க.

மைக்கை ஒதுக்கி வைங்க. முதல்ல உங்க வாத்தியத்தைப் பத்திப் பேசுவோம். கோவிச்சுக்காதீங்க. ஊதுறவர் நீங்கதான், ஒத்துக்கிறேன். ஆனா எதுத்தாப்புல நின்னு கேக்கறவன் என்னை மாதிரி மைக் செட்டுக்காரன்தானே. ஊதுறவருக்குத் தன் வாத்தியம் ஊருக்கு எப்படிக் கேக்குதுன்னு தெரியவே தெரியாது. அதோட வாய் உங்க தலைக்கு மேல, முன்னால பாத்துக்கிட்டு இருக்கு. உங்க காது அதுக்குப் பின்னால இருக்கு.

இதைச் சுத்துப் பிரிச்சு நீட்டுனா 18 அடிக் குழாய். நீங்க சாதாரணமா ஊதுற கீழ் பி-பிளாட் இருக்கே, அது 58 ஹெர்ட்ஸ். அந்தச் சத்தத்தோட அலை ஒண்ணு காத்துல கிட்டத்தட்ட 6 மீட்டர் நீளம். வாய் எம்புட்டு? பெரிய சூசபோனுக்கு 26 அங்குலம். ரெண்டடி வாயை வச்சுக்கிட்டு ஆறு மீட்டர் அலையை இந்தப் பக்கம் போ, அந்தப் பக்கம் போன்னு விரட்ட முடியாது. அது நாலா பக்கமும் பரவும். பக்கத்துல நிக்கிற கிளாரினெட்டு மைக்குக்குள்ள போகும், சைடு ட்ரம் மைக்குக்குள்ள போகும், மேடைப் பலகைக்குள்ள போகும். உங்க பேஸ் பிடிபடாமப் போயிருமோன்னு நீங்க காசைக் கொட்டுனீங்க. அது பிடிக்காத மைக்கு அந்த மேடையில ஒண்ணுகூட இருக்காது.

இன்னொண்ணையும் கேளுங்க. ரொம்பக் கீழ போறப்ப அந்த அடிச்சத்தம் வாத்தியத்துல மெலிஞ்சுதான் வருது. அதுக்கு மேல 116, 175, 233ன்னு அடுக்கடுக்கா ஏறுற சத்தங்கதான் பலமா நிக்கும். நம்ம காது கெட்டிக்காரக் காது. அந்த அடுக்கைப் பாத்ததும் அடியில இல்லாததையும் இருக்கிறதாவே போட்டுக்கும். அந்தக் காலத்து டிரான்சிஸ்டர் ரேடியோவுல உள்ளங்கையகல ஸ்பீக்கர்தான். அதுல எங்கிருந்து 58 ஹெர்ட்ஸ் வரும்? ஆனா பாட்டுல வர்ற பேஸ் கிதாரை நாங்க சாயா குடிச்சுக்கிட்டே வாயால போட்டுக் காட்டுவோம். காது போட்டுக்கிட்ட கணக்குதான் அது.

அப்ப மைக்கு எதைப் பிடிக்கணும்ங்கிறீங்களா? இப்பத்தான் சரியான கேள்வி கேக்குறீங்க. நாக்கைப் பிடிக்கணும். நாயனக்காரங்க துத்துக்காரம்பாங்களே, ஒவ்வொரு சுரத்தையும் நாக்கால தட்டிப் பிரிச்சு விடுறது, அது உங்க வாத்தியத்துக்கும் உண்டு. அது தெரிஞ்சாத்தான் 'பூம், பூம்'னு தனித்தனியா நடக்கும். தெரியலைன்னா 'ஊஊ'ன்னு எங்கயோ தண்ணி மோட்டார் ஓடுதுன்னு சனங்க நினைச்சுக்கும். அந்த நாக்கும், வாத்தியத்தோட தசையும் இருக்கற இடம் 300 ஹெர்ட்ஸ்ல இருந்து 2000 வரைக்கும். நடு இடம்.

கிக் ட்ரம் மைக்கு என்ன பண்ணும்? மோளத்துக்கு ரெண்டே தேவை. அடியில 'தொம்'முங்கணும், மேல கட்டை தோல்ல படுற 'டக்'கு தெரியணும். நடுவுல வர்றது அட்டைப் பெட்டியைத் தட்டுன சத்தம், அது யாருக்கும் வேண்டாம். அதனால இந்த வகையில பலதுல அடியையும் மேலையும் தூக்கிவிட்டு நடுவைக் குழியாக்கித்தான் செஞ்சிருப்பாங்க. ஆடிக்ஸ் டி6ல அந்தக் குழி நல்லா ஆழம். ஏகேஜி டி112ல 100 ஹெர்ட்ஸுக்குக் கீழ முழங்கறதுக்குன்னே உள்ள ஒரு அறை வச்சிருக்கான், மேல 4000கிட்ட ஒரு மேடும் உண்டு. இப்ப உங்களை அதுக்கு முன்னால நிறுத்துனா, உங்க அடி ரெண்டு பங்காகும், மூச்சுக் காத்தும் வரும், நடுவுல மாப்பிள்ளையைக் காணோம்.

சும்மா ஒதுக்கிறக்கூடாது, நியாயமும் பேசணும். கீபோர்டுல பேஸ் கிடையாது, பெரிய மோளமும் இல்ல, உங்க ஒரு வாத்தியந்தான் மொத்தப் பாட்டுக்கும் அடிதாங்குதுன்னா, இந்த மைக்கை வச்சு மிக்ஸர்ல நடுவைக் கொஞ்சம் தூக்கிக்கிடலாம். டியூபாவுக்கு இப்படி வைக்கிற ஆளுங்களும் இருக்காங்க, மோசமில்ல. ஆனா உங்க செட்டுல பெரிய மோளம் இருக்கு, அதை அடிக்கிறவரு உங்க சித்தப்பா. மைக்கை அவருக்கு முன்னால வைங்க. மனுசன் பூரிச்சுப் போவாரு. உங்க கல்யாணத்துல முதல் பந்தியில இடம் கிடைக்கலைன்னு இன்னைக்கு வரைக்கும் முகத்தைத் திருப்பிக்கிட்டுத்தானே இருக்காரு.

சரி, உங்களுக்கு எது? எங்கிட்ட இருக்கற ஷூர் எஸ்எம்57 போதும்னு சொன்னா மூஞ்சி சுருங்கிருது பாருங்க. வரவேற்புரை பேசுறவர் கையில பந்துத் தலையோட ஒண்ணு இருக்குமே, எஸ்எம்58, அதோட உடன்பிறப்பு. 57 வந்தது 1965ல, 58 வந்தது 1966ல. எனக்குத் தெரிஞ்சு பாதி ஊரு மைக் செட்டு இதுல ஒண்ணை வச்சுத்தான் சோறு தின்னுது. 57 காகிதத்துக்கு 40 ஹெர்ட்ஸ்ல இருந்து பிடிக்கும், 58 வந்து 50ல இருந்து. ரெண்டும் கீழ போகப் போகச் சரியும்தான். ஆனா கிட்ட வச்சா அடி தானா தடிக்கும். அரசியல் மேடையில பேசுறவங்க மைக்கை உதட்டோட ஒட்டி வச்சுக்கிட்டதும் குரல் சிங்கமாகுதே, அதே சமாச்சாரம். நடுவும் மேலயும் இதுக்குத் தெளிவு. உங்க நாக்கை அப்படியே எடுத்துக் குடுக்கும். கீழ விழுந்தாலும் எடுத்துத் தொடைச்சுட்டு ஊதலாம்.

புதுசுதான் வேணும்னு அடம் பிடிச்சா வாங்கிக்கோங்க, ஆனா ஒரிஜினலா பாத்து வாங்குங்க. உலகத்துலயே அதிகமாப் போலி போடுற மைக்கு 58ஆத்தான் இருக்கும். நிஜ 58 எடை 298 கிராம். மளிகைக்கடைத் தராசுல வச்சுப் பாருங்க. கடைக்காரர் ஒரு மாதிரியா பாப்பாரு. பாக்கட்டும், அவரு தராசும் சரியா இருக்கான்னு சேத்துப் பாத்துட்டு வாங்க.

கையில காசு கனக்குதுன்னா ரெண்டு பேரு சொல்றேன். சென்ஹைசர் எம்டி421, ஜெர்மன்காரன் 1960ல போட்டது. அடிப்பக்கம் ஒரு வளையம் இருக்கும், அஞ்சு படி. எம் பக்கம் திருப்புனா அடி முழுசா வரும், எஸ் பக்கம் பேச்சுக்கு, அடியை வெட்டிரும். வளையத்தை எஸ்ல வச்சுட்டு பேஸ் வரலைன்னு ஆம்ப்ளிஃபயரைத் திட்டாதீங்க. இன்னொண்ணு எலக்ட்ரோ-வாய்ஸ் ஆர்இ20, 1968ல வந்தது. அதோட விசேஷம், கிட்டப் போனாலும் எட்டப் போனாலும் அடி தடிக்கிறதும் மெலியிறதும் ரொம்பக் கம்மி. ஒரு இடத்துல நிக்க மாட்டாத ஆளுங்களுக்கு ஏத்தது. யாரையும் மனசுல வச்சுச் சொல்லலை. முக்கால் கிலோ எடை வேற, லொடக்கு ஸ்டாண்டுல மாட்டுனா பாதிப் பாட்டுல தலையைத் தொங்கப் போட்டுரும்.

எதை வாங்குனாலும் வைக்கிற இடந்தான் பெருசு. உங்க வாத்தியத்துக்குப் பேரைக் குடுத்தவர் ஜான் பிலிப் சூசான்னு அமெரிக்காவுல பேண்டு மாஸ்டர். அவர் கேட்டுக்கிட்டபடி 1893ல செஞ்ச முதல் வாத்தியத்துக்கு வாய் வானத்தைப் பாத்து இருந்துச்சு. சத்தம் பேண்டுக்கு மேல எழும்பிப் பொதுவாப் பரவணும்னு அவருக்கு ஆசை. மழைத்தண்ணி பிடிக்கிற வாத்தியம்னு அங்கத்து ஆளுங்க கேலி பண்ணாங்களாம். அப்புறம்தான் வாயை முன்னால திருப்புனாங்க. ஏன் சொல்றேன்னா, அடிச்சத்தம் எந்தப் பக்கம் திருப்புனாலும் பரவிக்கிடும், ஆனா நாக்கும் காத்தும் வாய்க்கு நேரா அம்பு விட்ட மாதிரிதான் போகும். வாய் எங்க பாக்குதோ அங்கதான் அந்தச் சத்தம் இருக்கு. உங்க செட்டுல யூபோனியம் ஊதுற தம்பிக்கு வாய் மேல பாத்து இருக்கு. அவருக்கு மைக்கு மேல இருந்து இறங்கணும். உங்களுக்கு முன்னால நிக்கணும்.

இப்ப எந்திரிச்சு ஒரே ஒரு சுரம் ஊதுங்க, நிறுத்தாம. நான் ஒரு காதைப் பொத்திக்கிட்டு வாயைச் சுத்தி வர்றேன். மைக்குக்கு ஒரு காதுதான் இருக்கு, அதனால நானும் ஒரு காதுலதான் கேப்பேன். வாய்க்கு நேர் நடுவுல வந்தா, காத்து சீறுது, சத்தம் முள்ளு முள்ளா இருக்கு. விளிம்புக்கு வந்தா உருண்டையா இருக்கு, ஆனா மப்பு. உள்ள தலையை விட்டா, பானைக்குள்ள பேசுன குரல். நடுவுக்கும் விளிம்புக்கும் இடையில, வாயில இருந்து ஒரு சாண் தள்ளி, இந்தா இங்க கேக்குறேன் பாருங்க, இங்கதான் நாக்கும் தசையும் ஒண்ணா வருது. இதுதான் இடம். உங்க அத்தை ஏன் அடுப்படியில இருந்து எட்டிப் பாக்குறா? ஒண்ணுமில்லடி, மாப்பிள்ளை மைக்குக்கு இடம் பாக்குறாரு.

போதும், உக்காருங்க. மூச்சு வாங்குது.

அந்த இடத்துல ஒரு சிக்கல் இருக்கு. மேடையில நீங்க சும்மா நிக்கிற ஆளு கிடையாது. குத்துப்பாட்டு வந்ததும் இடுப்பு முன்னால போகும், வாத்தியம் பின்னால போகும். ஒரு சாண் ரெண்டு சாணாச்சுன்னா, சத்தம் 6 டெசிபல் வரைக்கும் இறங்கிரும். நாலுல மூணு பங்கு சக்தி காத்துல போயிருச்சுன்னு வச்சுக்கோங்க. நீங்க ஆடுன ஆட்டத்துக்கு நான் மிக்ஸர்ல கையை மேலயும் கீழயும் இழுத்துக்கிட்டே இருக்க முடியாது, எனக்கும் வயசாச்சு.

ஆடத்தான் செய்வேன்னா, வாயோரத்துல கவ்விக்கிட்டு நிக்குமே, வளைஞ்ச கழுத்தோட சின்ன மைக்கு, ஷூர் பீட்டா 98எச், டிபிஏ 4099 மாதிரி, அதுதான் கதி. நீங்க எந்தப் பக்கம் சாஞ்சாலும் கூடவே சாயும். ஆனா அதெல்லாம் கண்டென்சர். மிக்ஸர்ல 48 வோல்ட் சுவிட்சைப் போட்டாத்தான் உயிர் வரும். போடாம விட்டுட்டு மைக்கு செத்துப்போச்சுன்னு அழுத ஆளுங்க நிறைய. கழுத்தை அப்படியும் இப்படியும் வளைச்சு நான் காட்டுன இடத்துக்கே கொண்டு வந்துருங்க. அது உலோகத்தைக் கவ்விக்கிட்டு இருக்கறதால உங்க விரல் வால்வைத் தட்டுற 'டொக்'கும் கூடவே ஏறும். ரப்பர் மெத்தை வச்ச க்ளிப்பா பாருங்க. வால்வுக்கு எண்ணெயும் போடுங்க. அது மைக்கு வேலை இல்ல, இருந்தாலும் சொல்லிட்டேன்.

ஊர்வலத்துக்கும் மைக்கு வேணுமான்னு கேக்கறீங்களா? எங்க சந்துத் தெருவுல ரெண்டு பக்கமும் சுவரு, நடுவுல உங்க 26 அங்குல வாய். போன வருசம் நீங்க ஊதிக்கிட்டு வந்தப்ப எங்க வீட்டு அலமாரியில தட்டு ஆடுச்சு. மைக்கு வேண்டாம், பக்கத்துல வர்ற கிளாரினெட்டுக்குக் கொஞ்சம் இடம் விட்டா போதும். மைக்கு எதுக்குன்னா, மேடையில கீபோர்டும் ரிதம் பேடும் பெரிய பாக்ஸ் வழியா வர்றப்ப உங்க வாத்தியம் மட்டும் பாக்ஸ்ல இல்லாமப் போயிரும் பாருங்க, அதுக்கு.

மேடையைப் பத்தி. பொங்கலுக்குப் போடுறது சவுக்குக் கட்டையில பலகை அடிச்ச மேடை. உள்ள பொள்ளல். அதுவே ஒரு பெரிய மோளம். ஒருத்தன் குதிச்சா ஸ்டாண்டு வழியா ஏறி மைக்குல இடியா விழும். ஸ்டாண்டுக் காலுக்கு அடியில நாலா மடிச்ச சாக்கு ஒண்ணு போடுங்க, அரிசி மூட்டைச் சாக்கு போதும். மானிட்டர் பாக்ஸை வைக்கிற இடமும் முக்கியம். 57, 58 எல்லாம் கார்டியாய்டு, அதுக்கு நேர் பின்னாலதான் காது செவிடு. மானிட்டரை மைக்கு முதுகுக்கு நேரா வைக்கலாம். சூப்பர் கார்டியாய்டு அப்படியில்ல. அதுக்கு நேர் பின்னால கொஞ்சம் கேக்கும், செவிடு ரெண்டு பக்கமும் பின்சாய்வா, 126 டிகிரிகிட்ட. மைக்கை மாத்துவாங்க, மானிட்டரை மாத்த மாட்டாங்க, அப்புறம் ஊளையிடுதுன்னு மைக் செட்டுக்காரனைத் திட்டுவாங்க. உங்க வாத்தியத்து மைக்கு ஊளையிட்டா 'கூய்'னுகூட வராது, 'ஊம்ம்'னு அடிவயித்துல இருந்து முனகும். பாதிப் பேரு நீங்கதான் ஊதுறீங்கன்னு நினைச்சுத் தலையாட்டிக்கிட்டு இருப்பாங்க.

மிக்ஸர்ல லோ கட்டுன்னு ஒரு பித்தான் இருக்கு. 80 ஹெர்ட்ஸ், சிலதுல 100, அதுக்குக் கீழ உள்ளதை வெட்டிரும். உங்களுக்கு மட்டும் அதை அமுக்க மாட்டேன். கிளாரினெட்டு, டிரம்பெட்டு, பாடுற பொண்ணு, எல்லாருக்கும் அமுக்கிருவேன். அவங்க மைக்குக்குள்ள எட்டிப் பாக்குற உங்க பேஸை வெட்டுனாத்தான் உங்க சொந்த மைக்குல இருக்கறது சுத்தமாக் கேக்கும். உங்களை நல்லாக் கேக்க வைக்கிற வேலையில பாதி மத்தவங்க மைக்குல நடக்குது.

இதைவிட எனக்குப் பெரிய கவலை குழாய் ஸ்பீக்கர். தெருக்கோடி வரைக்கும் கேக்கணும்னு விழாக்கமிட்டி போஸ்டுல ரெண்டு குழாய் கட்டச் சொல்லுவாங்க. குழாய் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழ பெருசா ஒண்ணும் பேசாது. பேசாட்டி பரவாயில்ல, நீங்க அனுப்புற 58ஐ வாங்கிக்கிட்டு உள்ள இருக்கற யூனிட்டு படபடன்னு அடிச்சுக் கிழிஞ்சிரும். அதனால குழாய்க்குப் போற லைன்ல அடியை வெட்டித்தான் விடுவேன். கோடியில இருக்கறவங்களுக்கு உங்க நாக்கு மட்டும்தான் போகும், பேஸை அவங்க காது போட்டுக்கிடும். "மாமா என் பேஸைக் குறைச்சுட்டாரு"ன்னு எம் மககிட்டப் போய்ச் சொல்லாதீங்க.

கச்சேரி அன்னைக்குச் சாயங்காலம் அஞ்சு மணிக்கே மொத்தச் செட்டும் வந்துரணும். தனியா ஊதிக் காட்டாதீங்க. தனியா ஊதுனா உங்க வாத்தியம் கோயில் யானை வந்த மாதிரி கம்பீரமாத்தான் கேக்கும். எல்லாரும் சேந்து அடிக்கிறப்பத்தான் நீங்க எங்க காணாமப் போறீங்கன்னு தெரியும். அப்ப என் பேரன் மிக்ஸர்ல இருப்பான், நான் கடைசி வரிசைக்குப் பின்னால டீக்கடை பெஞ்சுல உக்காந்து கேப்பேன். அங்கிருந்து கத்துனா உங்களுக்குக் கேக்காது, டார்ச் அடிக்கிறேன். ஒரு தடவை அடிச்சா மைக்குக்கு ஒரு விரக்கடை கிட்ட வாங்க, ரெண்டு தடவைன்னா ஒரு விரக்கடை தள்ளிப் போங்க. மூணு தடவை அடிச்சேன்னா பந்தி போட்டாச்சுன்னு அர்த்தம், வாத்தியத்தை இறக்கி வச்சுட்டு வந்துருங்க. சித்தப்பாவையும் கையோட கூட்டியாங்க.